வீரனுக்கு நிறம் உண்டோ?

கற்பனையில் பிறந்த ஒரு வீரனுக்குத் தோலின் நிறம் உண்டோ? உண்டெனில், அதனை மாற்றும் உரிமை யாருக்கு உண்டு? கேட்ட அளவில் இது பொழுதுபோக்கிற்காகப் போடும் விடுகதைபோலத் தோன்றலாம். ஆயினும், இந்தக் கேள்வியை முன்னிட்டு அமெரிக்க நாட்டில் பல ஆண்டுகளாக ஓயாத வழக்கொன்று நடந்து வருகிறது. சித்திரக் கதைகளில் பிறந்து வெள்ளித்திரைக்கு வந்த அதிசய வீரர்களின் வேடத்தை எந்த இனத்து நடிகர் ஏற்பது என்பதே அந்த வழக்கு. வெள்ளையராக வரையப்பெற்ற வீரனாகக் கறுப்பின நடிகர் தோன்றலாமா? ஆசியராக வரையப்பெற்ற முதியவரின் வேடத்தை ஐரோப்பியர் ஏற்கலாமா? இவ்விரண்டும் ஒரே கேள்விதானா, வெவ்வேறு கேள்விகளா? நேயர்களே, இவற்றைப் பற்றி நான் எண்ணியவற்றை உங்கள்முன் வைக்க விரும்புகிறேன்.

முதலில் இவ்வீரர்கள் பிறந்த கதையைப் பார்ப்போம். 1938-ஆம் ஆண்டில் சூப்பர்மேன் தோன்றினான். அவனைப் படைத்தவர்கள் கிளீவ்லாந்து நகரத்து இளைஞர்களான ஜெர்ரி சீகலும் ஜோ ஷஸ்டரும். இருவரும் குடிபெயர்ந்து வந்த யூதக் குடும்பங்களின் பிள்ளைகள். அவர்கள் படைத்த வீரனும் வேற்றுலகிலிருந்து குழந்தையாக வந்து சேர்ந்த அகதியே. ஆனாலும் அவன் முகம் வெள்ளை முகம். அடுத்தடுத்து வந்த பேட்மேனும் கேப்டன் அமெரிக்காவும் அவ்வாறே.

அங்ஙனமாயின், பிற இனத்தார் அக்கதைகளில் எங்கே இருந்தார்கள்? பெரும்பாலும் பணியாளராக இருந்தார்கள். அன்றேல் பகைவராக இருந்தார்கள். 1934-இல் தொடங்கிய மாண்ட்ரேக் கதையில் வரும் லோதாரை நம் நாட்டுச் சிறுவர்களும் இந்திரஜால் காமிக்ஸ் வாயிலாக அறிவார்கள். லோதார் ஆப்பிரிக்க இளவரசன்; பெரும் வலிமை உடையவன். அத்தகையவன் தன் நாட்டை விட்டு ஒரு வெள்ளை மந்திரவாதியின் ஏவலுக்குக் காத்து நின்றான். அரசகுமாரனே ஆயினும் அவனுக்குக் கிடைத்த இடம் அதுதான்.

‘மூலக் கதையை மாற்றாதீர்கள், முதலில் எப்படி வரைந்தார்களோ அப்படியே இருக்கட்டும்’ என்று சொல்வோர் உண்டு. அன்புடன் படித்த கதையைக் காக்க விரும்பும் அவர்கள் உள்ளத்தை நான் குறை கூறமாட்டேன். ஆனால் அந்த மூலம் எத்தகைய சூழலில் எழுதப்பட்டது என்பதை அவர்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும். இதற்கு ஒரு சான்று சொல்கிறேன்.

1953-இல் ‘தீர்ப்பு நாள்’ என்னும் பொருள்படும் தலைப்பில் ஒரு சித்திரக் கதை வெளிவந்தது. இயந்திர மனிதர்கள் வாழும் ஒரு கோளுக்கு மண்ணுலகிலிருந்து ஒரு தூதர் செல்கிறார். அங்கே ஆரஞ்சு நிறத்தார் உயர்ந்தோராகவும் நீல நிறத்தார் தாழ்ந்தோராகவும் நடத்தப்படுகிறார்கள். இரு சாராரின் உள்ளமைப்போ ஒன்றே. ‘நீங்கள் எங்களோடு சேரும் தகுதியை இன்னும் பெறவில்லை’ என்று கூறித் தூதர் திரும்புகிறார். கடைசிக் கட்டத்தில் அவர் தலைக்கவசத்தைக் கழற்றுகிறார். அவர் ஒரு கறுப்பினத்தவர்! 1954-இல் சித்திரக் கதைகளுக்கான தணிக்கை விதிகள் வந்தன. 1956-இல் இக்கதையை மறுபடியும் அச்சிட முயன்றபோது, அந்தத் தூதர் கறுப்பராக இருத்தல் கூடாது என்று தணிக்கையாளர் தடுத்தார். பதிப்பாளர் வில்லியம் கெயின்ஸ் பணியவில்லை, போராடி அச்சிட்டார். நிறவேற்றுமையைக் கண்டிக்கும் கதையிலேயே கறுப்பின நாயகனுக்கு இடம் மறுக்க முற்பட்ட காலம் அது. அக்காலத்துப் பக்கங்களில் வெள்ளை முகங்களே நிறைந்திருந்தன என்றால், அதனைக் கலைஞரின் உரிமையான தேர்வு என்று மட்டும் சொல்லிவிட முடியுமா? அடைத்து வைத்த கதவின்முன் நின்று, ‘உள்ளே யாரும் வரவில்லையே’ என்று வியப்பது நேர்மையாகுமா?

கதவு மெல்லத் திறந்தது. 1966-இல் ஸ்டான் லீ, ஜாக் கிர்பி இருவரும் பிளாக் பாந்தர் என்னும் ஆப்பிரிக்க அரசனைப் படைத்தார்கள். 1967-இல் பேட்மேன் தொலைக்காட்சித் தொடரில், அதுவரை வெள்ளை நடிகை ஏற்றிருந்த பூனைப்பெண் வேடத்தைக் கறுப்பினப் பாடகியான எர்தா கிட் ஏற்றார். நிக் ஃப்யூரி என்னும் படைத்தலைவன் 1963-இல் வெள்ளையனாகப் பிறந்தவன். 2002-இல் வந்த ஒரு புதிய சித்திரக் கதையில் அவனைச் சாமுவேல் ஜாக்சன் என்னும் நடிகரின் சாயலில் வரைந்தார்கள். 2008-இல் ‘அயன் மேன்’ படத்தின் இறுதியில் அதே சாமுவேல் ஜாக்சன் அவ்வேடத்தில் தோன்றினார். இன்றைய இளைஞர்க்கு நிக் ஃப்யூரி என்றால் அவர் முகமே நினைவிற்கு வரும்.

எல்லா மாற்றங்களும் இவ்வளவு எளிதாக ஏற்கப்படவில்லை. 2011-இல் ‘தோர்’ படத்தில் ஹைம்டால் என்னும் வடஐரோப்பியத் தெய்வத்தின் வேடத்தை இட்ரிஸ் எல்பா ஏற்றபோது எதிர்ப்பு எழுந்தது. வானவில்லையே பாலமாக்கி உலகம் விட்டு உலகம் செல்வதை நம்பும் உள்ளம், அப்பாலத்தின் காவலன் கறுப்பன் என்பதை மட்டும் நம்ப மறுத்தது! 2015-இல் ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்’ படத்தில் நெருப்பு மனிதனாக மைக்கேல் ஜோர்டன் நடித்தபோதும் பெருங்கூச்சல். அந்தப் படம் தோற்றது உண்மை. ஆனால் படம் தோற்றதற்குக் காரணம் திரைக்கதையும் ஆக்கமும் சீராக அமையாமையே அன்றி நடிகரின் தோல் அன்று. வேடத்தின் நிறத்தை மாற்றிவிட்டால் மட்டும் ஒரு படம் நல்ல படமாகிவிடாது என்பதையும் இங்கே நாம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இப்போது எதிர்த்தரப்பார் ஒரு வலிய வினாவை எழுப்புவர். ‘வெள்ளை வீரனின் வேடத்தைக் கறுப்பர் ஏற்கலாம் என்றால், பிளாக் பாந்தரின் வேடத்தை வெள்ளையர் ஏற்கலாமா?’ விடை சொல்லவேண்டிய வினாதான். நான் கொள்ளும் அளவுகோல் இது: அந்த நிறம் கதையின் உயிரா, உடையா? பிளாக் பாந்தர் வக்காண்டா நாட்டின் மன்னன். அந்நியர் எவரும் அடிமைப்படுத்த இயலாத ஆப்பிரிக்க நாடு என்பதே வக்காண்டாவின் பொருள். அம்மன்னனின் இனத்தை மாற்றினால் கதையே இறந்துபடும். மேக்னீட்டோ என்னும் பாத்திரம் நாஜிகளின் கொலைமுகாமிலிருந்து பிழைத்த யூதச் சிறுவன். அவன் சினத்தின் வேர் அங்கே இருக்கிறது. இவற்றில் இனமே உயிர். நெருப்பு மனிதனுக்கோ விண்வெளிக் கதிர்களால் ஆற்றல் வந்தது. கதிர்கள் நிறம் பார்த்துப் பாய்வதில்லை.

உயிரான நிறத்தை அகற்றினால் என்ன நேரும் என்பதற்கு 2016-இல் வந்த ‘டாக்டர் ஸ்டிரேஞ்ச்’ படம் சான்று. 1963-இல் இமயமலைச் சாரலின் ஆசிய முதியவராக வரையப்பெற்ற குருவின் வேடத்தை அதில் டில்டா ஸ்விண்டன் என்னும் பிரிட்டிஷ் நடிகை ஏற்றார். ‘கீழ்நாட்டு ஞானக்கிழவர் என்னும் தேய்ந்த வார்ப்பைத் தவிர்க்கவே இவ்வாறு செய்தோம்’ என்பது ஆக்கியோர் தரப்பு விளக்கம். வார்ப்பு பழையதானால் அதனை உடைத்துப் புதிய ஆசிய மனிதரை எழுதலாமே, ஆசியரையே நீக்குவானேன்? வேறு வழி இருந்ததென்பதை அந்நிறுவனத்தின் தலைவர் கெவின் ஃபைகியும் 2021-இல் ஏற்றுக்கொண்டார்.

அந்த வழியையும் அதே ஆண்டில் அதே நிறுவனம் காட்டியது. ஷாங்-சீ என்னும் சீன வீரன் 1973-இல் பிறந்தபோது, அவன் தந்தையாக வைக்கப்பட்டவன் ஃபூ மான்சூ. சீனரைக் கொடியவராகக் காட்டிய பழைய ஆங்கில நாவல்களின் வில்லன். 2021-இல் வந்த படத்தில் அவனை அகற்றி, வென்வூ என்னும் புதிய தந்தையை எழுதினார்கள். ஹாங்காங் நடிகர் டோனி லியுங் அவ்வேடத்தில் மனைவியை இழந்த துயரத்தையும் மகன்மேல் கொண்ட பற்றையும் காட்டினார். அவன் கொடியவன், ஆனால் மனிதன். எழுத்தின் குறையை எழுத்தால் தீர்க்கலாம் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

‘பழைய வீரர்களை விட்டுவிட்டுப் புதியவர்களைப் படைக்கலாமே’ என்பாரும் உளர். நல்ல யோசனைதான். 2011-இல் கறுப்பினத் தந்தைக்கும் போர்ட்டோ ரிக்கோத் தாய்க்கும் மகனாகப் படைக்கப்பெற்ற மைல்ஸ் மொராலெஸ் என்னும் புதிய ஸ்பைடர்மேன், 2018-இல் உயிரோவியப் படமாக வந்து ஆஸ்கர் பரிசு பெற்றான். ஆனால் திரைப்பட வணிகர் பெருமுதல் இடுவது எண்பது ஆண்டுகளாக மக்கள் அறிந்த பெயர்களில். புதியவர்க்கு முறை வரும்வரை காத்திருங்கள் என்றால் எவ்வளவு காலம்? 1966-இல் பிறந்த பிளாக் பாந்தருக்குத் தன் பெயரில் ஒரு திரைப்படம் கிடைக்க 2018 ஆயிற்று, ஐம்பத்திரண்டு ஆண்டுகள்!

அந்தப் படம் வந்தபோது என்ன நிகழ்ந்தது? ரையன் கூக்லர் இயக்கத்தில், சாட்விக் போஸ்மன் நடிப்பில் வெளியாகி, உலகெங்கும் 130 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது. சிறந்த படத்திற்கான ஆஸ்கர் போட்டியில் இடம்பெற்ற முதல் அதிசய வீரர் படமும் அதுவே. உடையமைப்பிற்காக ரூத் கார்ட்டரும் கலையமைப்பிற்காக ஹன்னா பீச்லரும் ஆஸ்கர் பரிசு பெற்றனர்; அத்துறைகளில் அப்பரிசை வென்ற முதல் கறுப்பினப் பெண்மணிகள் அவர்கள். கறுப்பின நாயகன் விலைபோகமாட்டான் என்ற வணிகப் பேச்சு அத்துடன் பொய்யாயிற்று. திரையில் ஒரு முகம் மாறியதோடு நில்லாமல், திரைக்குப் பின்னே பல கைகளுக்கு வேலையும் புகழும் கிடைத்தன என்பதே எனக்கு முதன்மையாகத் தோன்றுகிறது.

கதை கேட்கும் குழந்தை தன்னையே வீரனாக எண்ணிக்கொள்கிறது. போர்வையைத் தோளில் கட்டிக்கொண்டு திண்ணையிலிருந்து குதிக்காத குழந்தை எங்கே உண்டு? அக்குழந்தை திரையைப் பார்க்கும்போதெல்லாம், தன்னைப் போன்றவர் பெட்டி சுமப்பதையும் அடிபடுவதையுமே கண்டால் அதன் மனத்தில் படிவது என்ன? தானே தலைமகன் என்று என்றும் காணும் குழந்தையின் மனத்தில் படிவதுதான் என்ன? இருவர்க்கும் அது கேடு.

ஆகவே, இத்தகைய படமொன்றைக் காணும்போது இரண்டு கேள்விகளை நீங்கள் கேட்டுப் பாருங்கள். மாற்றிய நிறம் அந்தக் கதைக்கு உயிராக இருந்ததா? இந்த மாற்றத்தால் இதுவரை இடமில்லாதவர்க்கு இடம் கிடைத்ததா, இருந்த இடமும் பறிபோயிற்றா? இவற்றிற்கு விடை கண்டபின் படத்தைப் பாராட்டுங்கள், அல்லது கண்டியுங்கள். கூச்சலைக் கேட்டு முடிவு செய்வதினும் அது நேர்மையான வழி என்பது என் கருத்து.