மிட்டாய்ப் போத்தலில் வளர்ந்த மீன்கள்

(தோட்டச் சனசமூக நிலையத்தில் மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)



"படிக்கிற காலத்தில் மீன் வளர்ப்பு" என்று தலைப்பைக் கொடுத்து எங்களைப் பேசச் சொன்னார்கள். நாங்கள் பெரிய நிபுணர்கள் கிடையாது. அண்ணன் தம்பி மூன்று பேர், பத்தடிக்குப் பன்னிரண்டடி லயத்துக் காம்பராவில், கடைக்காரர் தந்த இரண்டு மிட்டாய்ப் போத்தலில் கப்பி மீன் வளர்த்தவர்கள். மூத்தவர் அப்போது ஓ.எல். வகுப்பு. அந்தப் போத்தல்களில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே சொல்லப் போகிறோம்.

டவுன் பள்ளிக்கூடத்துச் சிநேகிதன் ஒருவன் ஐந்து கப்பிகளை சொப்பிங் பேக்கில் போட்டுக் கொடுத்தான். அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. "படிக்கிற பிள்ளைக்கு மீன் எதுக்குடா? மனுசனுக்கே இங்க இடம் பத்தல" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அம்மாதான் சாமித்தட்டுக்குக் கீழே ஒரு சாண் இடம் ஒதுக்கிக் கொடுத்தார்.

முதல் மாதமே மூன்று மீன் செத்துப் போனது. ஞாயிற்றுக்கிழமை தோறும் போத்தல் தண்ணி முழுவதையும் ஊற்றிவிட்டு, கல்லையும் போத்தலையும் சவர்க்காரம் போட்டுக் கழுவி, பீலித் தண்ணியை அப்படியே பிடித்து நிரப்பினோம். சுத்தமாக வைத்திருக்கிறோம் என்று எங்களுக்கு ஒரே பெருமை. விஞ்ஞான ஆசிரியரிடம் கேட்டபோது, "சுத்தம் பண்ணித்தானே கொன்னுருக்கீங்க" என்று சிரித்தார்.

அவர் விளக்கியது இது. மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அமோனியா உண்டாகிறது. அது மீனுக்கு நஞ்சு. போத்தலில் கிடக்கும் கற்களில் வாழுகின்ற ஒரு வகைப் பற்றீரியா அதை நைத்திரைற்றாக மாற்றும். அதுவும் நஞ்சுதான். இன்னொரு வகைப் பற்றீரியா அந்த நைத்திரைற்றை நைத்திரேற்றாக மாற்றும். அது அவ்வளவு கெடுதல் இல்லை, செடிக்கு உரமாகவும் போய்விடும். புதுத் தொட்டியில் இந்தப் பற்றீரியாக்கள் பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு கிழமை பிடிக்கும். நாங்களோ கிழமைக்கு ஒருமுறை சவர்க்காரம் போட்டு அதுகளை அழித்துக்கொண்டிருந்தோம்! அதன் பிறகு கிழமைக்குக் கால்வாசித் தண்ணியை மட்டும் மாற்றினோம். புதுத் தண்ணியை முதல் நாள் ராத்திரியே பிடித்து, காம்பராவுக்குள் வைத்துக் குளிர் விட்ட பிறகுதான் ஊற்றினோம். உங்கள் தோட்டத்துத் தண்ணித் தாங்கியில் குளோரின் போடுவார்கள் என்றால் திறந்த வாளியில் ஒரு நாள் முழுக்க வையுங்கள், குளோரின் பறந்துவிடும்.

குளிர்தான் எங்கள் மலைப்பக்கத்தில் பெரிய தொல்லை. கப்பி சூட்டு நாட்டு மீன். மார்கழி, தை மாதத்து ராத்திரியில் சின்னப் போத்தல் சீக்கிரம் குளிர்ந்துவிடும், பெரிய போத்தல் மெதுவாகத்தான் குளிரும். அதனால் இரண்டு போத்தலையும் அடுப்புச் சுவரின் மறுபக்கம் ஒட்டி வைத்தோம். அடுப்புப் பக்கமே வைத்தால் புகை படிந்து தண்ணிமேல் எண்ணெய் மாதிரி ஆடை கட்டும். தங்கமீன் குளிரைத் தாங்கும், ஆனால் நிறையத் தண்ணி கேட்கும். கடையில் விற்கிற உருண்டைக் கண்ணாடிக் கிண்ணத்தில் அதைப் போடுவது மீனுக்குச் செய்யும் பாவம். பைட்டர் மீன் தண்ணிக்கு மேலே வந்து நேரே காற்றை எடுக்கும், ஆகையால் கொஞ்சத் தண்ணியிலும் பிழைக்கும். இரண்டு ஆணை மட்டும் ஒன்றாகப் போடாதீர்கள்.

கப்பி முட்டை இடாது, குட்டி போடும். ஏறக்குறைய நான்கு கிழமைக்கு ஒரு தடவை. தாயே குட்டியைத் தின்றுவிடும் என்பதால் பாசிச்செடி நிறையப் போட்டு வைத்தோம். எது எப்போது குட்டி போட்டது, எத்தனை மிஞ்சியது என்று ஒரு கொப்பியில் எழுதி வந்தோம். நுளம்புப் புழுவைத் தேத்தண்ணி வடியால் அள்ளிப் போட்டால் அதுகளுக்கு விருந்து. லயத்துக்குப் பின்னால் கிடந்த சிரட்டை, டின் எல்லாவற்றையும் அதற்காகவே தேடிக் கவிழ்த்தோம். இப்போது டெங்குவுக்காகச் செய்யச் சொல்லும் அதே வேலையை நாங்கள் மீனுக்காகச் செய்திருக்கிறோம்.

இனிச் சொல்வதற்காகத்தான் முக்கியமாக இங்கே வந்தோம்.

ஒரு சனிக்கிழமை காலையில் பெரிய போத்தலில் இருந்த மீன் எல்லாமே மிதந்தது. பதினெட்டு உருப்படி. கொப்பியைப் பார்த்தோம். தீனி மாறவில்லை, குளிரும் இல்லை. முந்தின நாள் தண்ணி மாற்றியவர் சின்னத்தம்பி. எதில் பிடித்தாய் என்று கேட்டால், வாசலில் இருந்த வெள்ளைக் கேனைக் காட்டினான். அது மருந்து வந்த பிளாஸ்டிக் கேன். வாயை அறுத்து வாளியாக்கியிருந்தார்கள். மற்ற போத்தலிலிருந்து ஒரு கப்பியைக் கேன் தண்ணியிலும் இன்னொன்றைப் பானைத் தண்ணியிலும் விட்டுப் பார்த்தோம். பாவம்தான், ஆனால் வேறு வழி தெரியவில்லை. கேனில் விட்டது பகலுக்குள் செத்தது. பானையில் விட்டது நீந்திக்கொண்டே இருந்தது.

அந்தக் கேனில்தான் எங்கள் வீட்டுக்குக் குடிக்கிற தண்ணியும் வந்துகொண்டிருந்தது. எங்கள் லயத்தில் இன்னும் மூன்று வீட்டில் அதே மாதிரிக் கேன். ஒரு வீட்டில் கைப்பிள்ளைக்குப் பால் மா கரைப்பதும் அந்தத் தண்ணியில்தான்.

அப்பா மருந்தடிக்கிற வேலைக்குப் போய் வந்தவர். செத்த மீனைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். ஒன்றும் பேசவில்லை. பிறகு வீடு வீடாகப் போய் நான்கு கேனையும் வாங்கி, அடியில் ஆணியால் ஓட்டை போட்டு, ஸ்டோருக்கே திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தார். "கழுவித்தானே வச்சிருக்கோம்" என்று ஒரு ஆச்சி சண்டைக்கு வந்தார். "மீனுக்கு ஆகாதது புள்ளைக்கு ஆகுமா ஆத்தா?" என்று மட்டும் அப்பா கேட்டார்.

கொழுந்தில் கொப்புள நோய்க்கு அடிக்கும் கொப்பர் மருந்தும் அப்படித்தான். மீனுக்கு அது துளி இருந்தாலும் போதும். மருந்தடித்த மலைக்குக் கீழே ஓடும் கான் தண்ணியை மீனுக்கும் எடுக்காதீர்கள், வீட்டுக்கும் எடுக்காதீர்கள்.

ஆற்று மீனைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெற்றிலை போட்ட வாய் மாதிரி ஆண் மீன் சிவந்திருப்பதால் சிங்களத்தில் "புலத் ஹபயா" என்று சொல்லும் சின்ன மீன் ஒன்று இருக்கிறது. உலகத்திலேயே இலங்கையின் ஈரவலய ஓடைகளில் மட்டும்தான் அது உண்டு. அழகாக இருக்கிறதே என்று பிடித்துப் போத்தலில் போடாதீர்கள். அதேபோல வளர்த்த கப்பியையோ டேங்க் கிளீனரையோ ஆற்றில் விடாதீர்கள். டேங்க் கிளீனர் அப்படித்தான் நம் நாட்டு நீர்நிலைகளில் புகுந்து பெருகிவிட்டது.

மூத்தவர் ஓ.எல். விஞ்ஞானத்தில் சித்தியடைந்தார். மீனால்தான் என்று சொல்ல மாட்டோம், ராத்திரியில் விளக்கு வைத்துப் படித்ததால். மீன் வித்த காசில் கொப்பி வாங்கியது மட்டும் உண்மை.

பின்பக்க மேசையில் நாற்பது கப்பிக் குட்டி வைத்திருக்கிறோம். ஆளுக்கு நான்கு, காசு வேண்டாம். போத்தலும் பாசியும் உள்ளவர்கள் இன்றைக்கே எடுத்துப் போகலாம். மற்றவர்கள் அடுத்த சம்பளக் கிழமை வாருங்கள். வெள்ளைக் கேனோடு வருகிறவருக்கு மட்டும் மீன் கிடையாது, முதலில் அந்தக் கேனை எங்களிடம் தந்துவிட வேண்டும்.