வீதி விதிகளும் மோட்டார் இன்ஷூரன்ஸும்

அலிபிரியையும் திருமலையையும் இணைக்கும் மலைப்பாதைகளில் நெடுங்காலமாக ஒரு வழக்கம் இருந்து வருகிறது. வண்டி புறப்படும் முனையில் நேரத்தைக் குறித்துச் சீட்டுக் கொடுப்பார்கள். மறுமுனையில் அதை வாங்கிப் பார்ப்பார்கள். விதித்த நேரத்திற்கு முன்பே வண்டி வந்து சேர்ந்துவிட்டால், அது வேகமாக ஓட்டப்பட்டது என்பதற்கு வேறு சாட்சியம் வேண்டுவதில்லை. கடிகாரமே சாட்சி. ஓட்டியவர் அபராதத்தைச் செலுத்திவிட்டு, "இத்துடன் தீர்ந்தது" என்று எண்ணிப் போகிறார்.

தீர்ந்ததா? அவர் அடுத்த ஆண்டு காரின் இன்ஷூரன்ஸைப் புதுப்பிக்கச் செல்லும்பொழுது இந்த அபராதம் அவரைப் பின்தொடர்ந்து வருமா? சித்தூரிலும் திருப்பதியிலும் வண்டி வைத்திருக்கும் நம்மவர்களைக் கேட்டால் இருவிதமான விடைகள் கிடைக்கும். "நிச்சயமாகக் கட்டணம் ஏறும்" என்பார் ஒருவர். "போலீசுக்கும் இன்ஷூரன்ஸுக்கும் என்ன சம்பந்தம்?" என்பார் மற்றவர். இருவர் கூற்றிலும் பாதி உண்மைதான் உள்ளது. மீதிப் பாதியை அறியாமல் இருப்பது சில குடும்பங்களுக்கு வீடு வாசலை இழக்கும் அளவுக்குப் பெரிய தவறாக முடியக்கூடும். ஆகவே அதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

கார் இன்ஷூரன்ஸ் என்று நாம் ஒரே பெயரால் வழங்குவது உண்மையில் இரண்டு காப்புகள். ஒன்று, நம் வண்டிக்கு ஏற்படும் சேதத்திற்கானது. மற்றொன்று, நம் வண்டியால் பிறருக்கு ஏற்படும் உயிர்ச்சேதம், உடற்காயம், பொருட்சேதம் ஆகியவற்றிற்கானது. இதனைச் சட்ட மொழிபெயர்ப்பில் 'மூன்றாம் தரப்புக் காப்பு' என்று எழுதுகிறோம். மொழிபெயர்ப்புத் தொழிலில் உள்ள நமக்கே இத்தொடர் முழு நிறைவளிப்பதில்லை. வண்டிக்காரர் முதல் தரப்பு, இன்ஷூரன்ஸ் கம்பெனி இரண்டாம் தரப்பு, பாலிசியில் கையெழுத்திடாமல் பாதையோரம் நடந்து செல்லும் யாரோ ஒருவர் மூன்றாம் தரப்பு. சட்டத்தின் கவலையெல்லாம் அந்த யாரோ ஒருவரைப் பற்றியதுதான். 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் இதற்கென ஓர் அத்தியாயம் இருந்தும், 1946 ஜூலை 1 அன்றுதான் அது நடைமுறைக்கு வந்தது. திருமலையின் முதல் மலைப்பாதையோ 1944இலேயே திறக்கப்பட்டுவிட்டது. இடைப்பட்ட இரண்டாண்டுகள் அப்பாதையில் ஏறி இறங்கிய வண்டிகளுக்கு இத்தகைய காப்பைச் சட்டம் கட்டாயமாக்கவில்லை என்பதை இன்று நினைத்தால் வியப்பாகத்தான் இருக்கிறது.

மூன்றாம் தரப்புக் கட்டணத்தை இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் தம் விருப்பப்படி நிர்ணயிப்பதில்லை. 2022 ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்த மத்திய அரசாங்க விதிகள், 1000 கன சென்டிமீட்டர் வரையிலான எஞ்சின் கொண்ட சொந்தக் காருக்கு ஆண்டுக்கு ரூ.2,094, அதற்கு மேல் 1500 வரை ரூ.3,416, அதற்கும் மேற்பட்டால் ரூ.7,897 என்று வரையறுத்தன. சித்தூரில் பதிவான காருக்கும் டில்லியில் பதிவான காருக்கும் ஒரே தொகை. இருபது ஆண்டுகளாக ஒரு முறையேனும் அபராதம் செலுத்தாதவருக்கும், மாதந்தோறும் சிவப்பு விளக்கைத் தாண்டிப் பிடிபடுபவருக்கும் அதே தொகைதான்.

இது நியாயமா என்று கேட்கத் தோன்றும். அந்தத் தொகை எப்படிப் பிறக்கிறது என்பதையும் நாம் கவனிக்க வேண்டும். நாடெங்கும் விபத்து வழக்குகளில் தீர்ப்பாகும் இழப்பீடுகளைக் கூட்டி, அந்தச் சுமையை அந்தந்த வகை வண்டிகளின் மீது பங்கிட்டே கட்டணம் கணக்கிடப்படுகிறது. மொகிலிக் கணவாயில் ஒரு லாரி கட்டுமீறிப் பஸ்ஸின் மீது மோதினால், அதற்கான இழப்பீடு அந்த லாரிக்காரரின் கட்டணத்திலிருந்து மட்டும் வருவதில்லை. அவ்வகை வண்டி வைத்திருப்போர் அனைவரும் சிறுகச் சிறுகச் செலுத்திய தொகையிலிருந்தே வருகிறது. ஊர்ப் பொது ஏரியின் கரையை ஒருவன் வெட்டினால் எல்லார் வயலும் காய்வதைப்போலத்தான் இது. சித்தூர் மாவட்டத்தாருக்கு ஏரியைப் பற்றி நாம் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. இதில் இன்னொரு கோளாறும் உண்டு. நம் நாட்டு வண்டிகளில் பாதிக்கும் மேற்பட்டவை இன்ஷூரன்ஸ் இல்லாமலே ஓடுவதாக நாடாளுமன்றக் குழுவின் முன்பே கணக்கு வைக்கப்பட்டிருக்கிறது. கரையைக் காக்கப் பணம் தருபவர்கள் பாதிப்பேர்; கரைமேல் வண்டி ஓட்டுபவர்கள் எல்லாரும்!

இனி, நம் வண்டிச் சேதத்திற்கான காப்புக்கு வருவோம். இதன் கட்டணம் 2007 ஜனவரி 1 முதல் கம்பெனிகளின் உரிமைக்கு விடப்பட்டுள்ளது. காரின் மதிப்பு, வயது, எஞ்சின் அளவு, பதிவான ஊர் ஆகியவற்றை வைத்து அது கணக்கிடப்படுகிறது. பழைய அகில இந்தியக் கட்டணப் பட்டியலில் சென்னை, பெங்களூர், ஹைதராபாத் முதலிய எட்டு நகரங்கள் 'ஏ' மண்டலம். சித்தூர், திருப்பதி உள்ளிட்ட மற்றவை 'பி' மண்டலம். ஐந்தாண்டுக்கு உட்பட்ட சிறிய காருக்கு முன்னதில் மதிப்பில் 3.127 சதவிகிதம், பின்னதில் 3.039 சதவிகிதம். வித்தியாசம் அற்பமே.

அற்பமல்லாதது, இழப்பீடு கோராத ஆண்டுகளுக்கான தள்ளுபடி. முதல் ஆண்டு கோரிக்கை இல்லையேல் 20 சதவிகிதம். தொடர்ந்து 25, 35, 45. ஐந்தாம் ஆண்டின் முடிவில் 50. சொந்தச் சேதக் கட்டணம் ரூ.10,000 ஆக இருந்தால் பாதி மிச்சம். கவனமின்றித் திரும்பி ஒரு தூணில் உரசி, ரூ.3,000 செலவுக்காக இழப்பீடு கோருபவர், மறு ஆண்டு ரூ.5,000 தள்ளுபடியை இழந்துவிடுகிறார். பாலிசி முடிந்து 90 நாட்களுக்குள் புதுப்பிக்காவிடினும் அந்தத் தள்ளுபடி போய்விடும். இங்கே போலீசார் எவரும் வரவில்லை, அபராதச் சீட்டும் இல்லை. ஆனாலும் கவனமின்மைக்கு விலை செலுத்தப்படுகிறது.

அபராதத்தையே நேராகக் கட்டணத்தோடு இணைக்கும் முயற்சியும் நடந்தது. 2019இல் இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் ஒரு பணிக்குழுவை அமைத்தது. 2021 ஜனவரியில் வெளியான அதன் அறிக்கை, 'போக்குவரத்து விதிமீறல் கட்டணம்' என்ற புதிய பகுதியைச் சேர்க்கலாம் என்றது. குடித்துவிட்டு ஓட்டினால் 100 புள்ளி, தவறான இடத்தில் நிறுத்தினால் 10 புள்ளி என்பது போன்ற அளவுகோல், டில்லியில் சோதனை, யார் ஓட்டியிருந்தாலும் கட்டணம் பதிவு உரிமையாளருடையது. அறிக்கை பொதுமக்கள் கருத்துக்காக வைக்கப்பட்டதே தவிர, அப்பொழுது நாடு முழுவதற்குமான விதியாக உருப்பெறவில்லை. சிங்கப்பூரிலுள்ள நம் தமிழர்கள் இதன் மறுபக்கத்தை அறிவார்கள். அங்கே மூன்றாண்டுகள் குற்றப்புள்ளி இன்றி ஓட்டியவருக்கு, தகுதியிருந்தால் வழக்கமான தள்ளுபடியோடு மேலும் 5 சதவிகிதம் கிடைக்கும். தவறியவரைத் தண்டிப்பதைவிட ஒழுங்காக ஓட்டுபவரைப் பாராட்டும் இந்த முறையே நம் மக்கள் மனத்திற்கு இசைந்தது என்பது நம் எண்ணம். நம் நாட்டிலும் 2022 ஜூலையில், ஓடும் தூரத்தையும் ஓட்டும் விதத்தையும் கருவி கொண்டு அளந்து கட்டணம் விதிக்கும் கூடுதல் காப்புகளுக்கு ஆணையம் அனுமதி தந்தது.

ஆனால் இவையெல்லாம் சில நூறு, சில ஆயிரம் ரூபாய் விவகாரங்கள். உண்மையான ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. அதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தோம்.

மாம்பழக் காலத்தில் தோப்புகளிலிருந்து சித்தூர்ப் பழக்கூழ்த் தொழிற்சாலைகளுக்கு இரவும் பகலும் வண்டிகள் ஓடுகின்றன. ஆள் பற்றாக்குறையால் ஓர் உரிமையாளர், லைசென்ஸ் இல்லாத இளைஞரிடம் சாவியைக் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வழியில் பிடிபட்டால், 2019இல் திருத்தப்பட்ட சட்டப்படி ஓட்டியவருக்கு ரூ.5,000, ஓட்ட அனுமதித்த உரிமையாளருக்கும் ரூ.5,000 வரை அபராதம். தாங்கிக்கொள்ளலாம். அதே இரவில் ஒருவர் அடிபட்டு இறந்துவிட்டாலோ? வழக்கு விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தின் முன் செல்கிறது. இறந்தவரின் வயது, வருமானம், அவரை நம்பியிருந்தோர் எண்ணிக்கை ஆகியவற்றைப் பார்த்துப் பல லட்சம் ரூபாய் தீர்ப்பாகிறது. பாலிசி நிபந்தனை மீறப்பட்டது என்று கம்பெனி வாதாடி மெய்ப்பிக்கிறது. ஆயினும் இறந்தவரின் குடும்பம் வெறுங்கையோடு போகலாகாது என்பதற்காக, கம்பெனி முதலில் பணத்தைக் கட்டிப் பின்னர் உரிமையாளரிடமிருந்து வசூலித்துக்கொள்ளும்படி நீதிமன்றங்கள் ஆணையிடுவது வழக்கம். உச்ச நீதிமன்றம் 2004இல் சுவரண் சிங் வழக்கில் இக்கோட்பாட்டை விரிவாக வகுத்தது. அந்த வசூல் வரும்பொழுது, ஆண்டுதோறும் ஒழுங்காகக் கட்டணம் செலுத்திய ரசீதுகள் உரிமையாளருக்கு உதவா. நிலத்தின் மீதோ வீட்டின் மீதோ கை வைக்கத்தான் நேரும்.

அதே தீர்ப்பில் ஓர் ஆறுதலும் உண்டு. உரிமையாளர் தக்க கவனத்தோடு லைசென்ஸைப் பார்த்த பின்பே ஓட்டுநரை அமர்த்தியிருந்தால், அது பின்னர் போலி என்று தெரிந்தாலும் பழி அவர்மேல் விழாது. சிறிய சரக்கு வண்டி வைத்திருப்போர் அறியவேண்டிய இன்னொன்று: இலகுரக மோட்டார் வண்டி லைசென்ஸ் உள்ளவர், மொத்த எடை 7,500 கிலோகிராமுக்கு மேற்படாத போக்குவரத்து வண்டியையும் ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சட்ட அமர்வு 2024 நவம்பர் 6 அன்று உறுதி செய்தது. குடிபோதையோ வேறு வகை. அதற்கு அபராதமே முதல் முறை ரூ.10,000 வரை, சிறையும் உண்டு. சொந்த வண்டியின் சேதத்திற்குக் காப்பு கிடைக்காது. மூன்றாம் தரப்பு வழக்கில் கம்பெனி எழுப்பக்கூடிய எதிர்வாதங்களில் ஒன்றாகவும் போதையைத் திருத்தச் சட்டம் சேர்த்துவிட்டது.

விதிகள் மாறும்பொழுது செலவும் மாறுவதற்கு ஒரு நல்ல எடுத்துக்காட்டு, கோயம்புத்தூர் எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கு. அதில் பிறந்த ஆணையின்படி 2018 செப்டம்பர் 1 முதல் புதிய காருக்கு மூன்றாண்டு, புதிய இருசக்கர வண்டிக்கு ஐந்தாண்டு மூன்றாம் தரப்புக் கட்டணத்தை முன்கூட்டியே செலுத்த வேண்டியதாயிற்று. வாங்கும் நாளில் சுமை கூடிற்று; இடையில் புதுப்பிக்க மறந்து தெருவில் ஓடும் வண்டிகள் குறைய வழி பிறந்தது. அடுத்த ஆண்டு செப்டம்பரில் அபராதங்கள் உயர்ந்தவுடன், காலாவதியான பாலிசிகளைப் புதுப்பிக்க நாடெங்கும் மக்கள் முண்டியடித்ததும் நமக்கு நினைவிருக்கும். இன்ஷூரன்ஸ் இன்றி ஓட்டுவதற்கு முதல் முறை ரூ.2,000, மறுமுறை ரூ.4,000 என்று அப்போது ஆயிற்று.

1960 ஏப்ரலில் எல்லை மாறித் திருத்தணி சென்னை இராஜ்யத்தோடு சேர்ந்தது; சித்தூர் ஆந்திரத்திலேயே நின்றது. உறவும் வியாபாரமும் எல்லையைப் பார்ப்பதில்லை. எனவே வேலூரிலோ பெங்களூரிலோ பழைய கார் வாங்குவோரும், அங்குள்ளோருக்கு விற்போரும் இங்கே மிகுதி. சமரச அபராதத் தொகைகளை அந்தந்த மாநில அரசாங்கம் நிர்ணயிப்பதால் அவை எல்லைக்கு எல்லை வேறுபடலாம். மூன்றாம் தரப்புக் கட்டணம் வேறுபடாது. வாங்கியவர் 14 நாட்களுக்குள் கம்பெனிக்கு விண்ணப்பித்துப் பாலிசியைத் தம் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். விற்றவரின் தள்ளுபடி வண்டியோடு போகாது. அது விற்றவருக்கே உரியது. போக்குவரத்து அலுவலகப் பதிவேட்டில் பெயர் மாறாத வரையில், அபராதச் சீட்டு மட்டுமன்றி இழப்பீட்டு வழக்கும் பழைய உரிமையாளரையே தேடி வரும். பதிவேட்டில் பெயருள்ளவரே பொறுப்பாளி என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. சாவியைக் கொடுத்துப் பணம் பெற்றுக்கொண்ட நாளிலேயே பெயர் மாற்றப் படிவங்களிலும் இரு தரப்பாரும் கையெழுத்திட்டு, அவற்றை அலுவலகத்தில் சேர்ப்பித்துவிடுவது நலம்.