ஸ்டியரிங் பிடித்தவர் எழுதியபோது

நான் இலக்கியம் படித்துப் பட்டம் வாங்கியவள் இல்லை. நர்சிங் டிப்ளமா. முதலில் நியூ ஜெர்சி, இப்போது குபெர்டினோ. அந்தக் காலத்து ஆடம்பரக் கார்களில் நடந்த நெடும்பயணங்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். இந்த ஊருக்கு அருகிலேயே முடிந்த இரண்டு பயணங்களைச் சொல்கிறேன். இரண்டும் நியூயார்க்கில் கிளம்பி சான் ஃபிரான்சிஸ்கோ வந்தவை. இரண்டையும் பெண்களே புத்தகமாக எழுதினார்கள்.

முதல் பயணம் 1909. ஆலிஸ் ராம்ஸி, நியூ ஜெர்சி ஹாக்கன்சாக்கைச் சேர்ந்தவர். வயது 22. வீட்டில் இரண்டு வயது மகன். கார் என்பதே வசதியானவர்களின் பொருளாக இருந்த காலம். வக்கீலான கணவர் அவருக்குக் கார் வாங்கிக் கொடுத்திருந்தார். ஆனால் தான் ஓட்டப் பழகவில்லை. ஆலிஸ் ஓட்டுவதைப் பார்த்த மேக்ஸ்வெல் நிறுவனம், ஒரு பெண் நாட்டைக் குறுக்காகக் கடந்தால் நல்ல விளம்பரம் என்று கணக்குப் போட்டு, காரையும் செலவையும் ஏற்றுக்கொண்டது. உடன் வந்தவர்கள் இரண்டு நாத்தனார்களும் ஒரு தோழியும். மூவருக்கும் கார் ஓட்டத் தெரியாது.

ஜூன் 9, கொட்டுகிற மழையில் புறப்பட்டார்கள். மொத்தம் சுமார் 3,800 மைல். அதில் தளம் போட்ட சாலை 152 மைல்தான். அயோவாவில் சேறு. 360 மைலைக் கடக்க 13 நாட்கள் ஆனது. மேற்கே போகப்போக வழிகாட்டிப் புத்தகம் உதவவில்லை. பிரிவு வந்தால் எந்தப் பக்கத்துக் கம்பங்களில் அதிகக் கம்பிகள் ஓடுகின்றன என்று பார்ப்பார்கள். அதிகக் கம்பி என்றால் பெரிய ஊர். வயோமிங்கில் ஆற்றுப்பாலம் இல்லாமல் போகவே, ரயில் பாலத்தின் கட்டைகள் மேல் குதித்துக் குதித்து வண்டியை ஓட்டினார். பதினோரு முறை டயர் மாற்றினார். ஆகஸ்ட் 7, ஓக்லாந்திலிருந்து படகில் காரை ஏற்றி சான் ஃபிரான்சிஸ்கோ. 59 நாட்கள்.

ஆடம்பரம் எங்கே என்று கேட்பீர்கள். நாத்தனார்களின் பெட்டியில் இருந்தது. வெள்ளி மூடி போட்ட, செதுக்குக் கண்ணாடிக் குப்பிகள். பல் துலக்கும் பிரஷ் வைப்பதற்கானவை. ரேடியேட்டர் கொதித்து நின்றபோது, அந்த அம்மாக்கள் அந்தக் குப்பிகளில்தான் வாய்க்கால் தண்ணீரை மொண்டு வந்து ஊற்றினார்கள். அவசரத்தில் எது கையில் கிடைக்கிறதோ அதுதான் கருவி. வார்டில் வேலை செய்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இரண்டாவது பயணம் 1915. எமிலி போஸ்ட். பிற்காலத்தில், 1922-இல், நாகரிகப் பழக்கவழக்கங்கள் பற்றி எழுதிய நூலால் அமெரிக்கா முழுக்கப் பெயர் பெற்றவர். சான் ஃபிரான்சிஸ்கோ உலகக் கண்காட்சிக்குக் காரில் சொகுசாகப் போய்ச் சேர முடியுமா என்று பார்ப்பதுதான் நோக்கம். ஐரோப்பாவில் தயாரான விலையுயர்ந்த கார். ஓட்டியவர் கல்லூரி மாணவரான மகன். உயரம் குறைந்த வண்டி. மேற்கின் மேடுபள்ளங்களுக்கு ஈடுகொடுக்கவில்லை. அரிசோனாவில் வின்ஸ்லோ என்ற ஊரில் அதை ரயிலில் ஏற்றி லாஸ் ஏஞ்சல்ஸ் அனுப்பினார்கள்.

அடுத்த வருடமே, 1916-இல், எமிலியின் புத்தகம் வந்துவிட்டது. ஓட்டல், சாப்பாடு, செலவுக் கணக்கு எல்லாம் உண்டு. சுவையான புத்தகம். அவரைக் குறை சொல்ல மாட்டேன். பின் இருக்கையிலிருந்து பார்க்கவும் கண் வேண்டும்.

ஆலிஸின் புத்தகம் எப்போது வந்தது? 1961-இல். 52 வருடங்கள் கழித்து, எழுபது வயதைத் தாண்டிய பிறகு. தலைப்பு ‘வெய்ல், டஸ்டர், அண்ட் டயர் அயர்ன்’. முகத்திரை, தூசிக்கோட்டு, டயர் கழற்றும் கம்பி. மூன்றும் அவர் உடம்பிலும் கையிலும் இருந்தவை. அந்த மூன்றாவது சாமானைத் தலைப்பில் வைக்க, டயரைக் கழற்றியவருக்குத்தான் தோன்றும்.

நான் சொல்ல வந்தது இதுதான். எழுதுகிற பழக்கமும் ஓய்வும் உள்ளவர்களின் பயணம் உடனே புத்தகமாகிறது. ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும் கை பேனாவைப் பிடிக்க நேரமாகிறது. ஆலிஸ் 1983 வரை, 96 வயது வரை இருந்தார். அதனால் நமக்கு அந்தப் புத்தகம் கிடைத்தது. நாற்பது வயதில் அவர் இறந்திருந்தால்? பழைய செய்தித்தாள் துணுக்குகள் மிஞ்சியிருக்கும். வெள்ளி மூடிக் குப்பி போயிருக்கும்.

நம் ஊரிலிருந்து எத்தனை நர்ஸ் அக்காக்கள் கைக்குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு விமானம் ஏறினார்கள்! வளைகுடாவில் சில வருடம், பரீட்சை, பிறகு அமெரிக்கா. அவர்களைப் பற்றிப் பிள்ளைகள் எழுதுகிறார்கள், ஆய்வாளர்கள் எழுதுகிறார்கள். அவர்களே எழுதியது எனக்குக் கிடைத்தவரை மிகக் குறைவு. கேட்டால், “எனக்கென்ன எழுதத் தெரியும், டியூட்டி சார்ட் தவிர?” என்பார்கள். டியூட்டி சார்ட் எழுதுகிறவருக்கு மணி தெரியும், அளவு தெரியும், கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதத் தெரியும். அதற்கு மேல் பயண இலக்கியத்துக்கு என்ன வேண்டும்?

2009-இல், நூறாவது ஆண்டில், ஒரு பெண் அதே 1909 மாடல் மேக்ஸ்வெல்லில் இந்தப் பயணத்தைத் திரும்ப ஓட்டிக் காட்டினார். காரைத் திரும்பக் கட்டிவிடலாம், உதிரிபாகம் கிடைக்கும். ஒருத்தியின் நினைவுக்கு உதிரிபாகம் கிடையாது. இந்த நேரலையை இரவு டியூட்டி இடைவேளையில் பார்க்கிற சகோதரிகள் இருந்தால், இந்த வாரம் ஒரு பக்கம் எழுதுங்கள். முதல் சம்பளத்தில் வாங்கிய சாமான் எதுவோ அதிலிருந்து தொடங்கலாம்.