‘டெஸ்ட்’ என்ற சொல்லின் கதை

(ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரை)



ஆங்கிலம் அறியாத பெற்றோருக்கும் பொருள் சொல்லத் தேவையில்லாத ஆங்கிலச் சொல் ‘டெஸ்ட்’. ‘நாளைக்கு டெஸ்ட்’ என்று நாம் சொன்னதும் வகுப்பில் பல முகங்கள் வாடிவிடும். இந்தச் சொல் எங்கே பிறந்தது, என்னென்ன பொருள்களில் வழங்கி நம் கரும்பலகைக்கு வந்து சேர்ந்தது என்பதை இன்று பார்ப்போம். பிள்ளைகளுக்குச் சொல்ல ஏற்ற கதை இது. நம் வேலைக்கும் உதவும்.

லத்தீன் மொழியில் ‘டெஸ்டும்’ என்றால் மண்பாத்திரம். பழைய பிரெஞ்சு மொழி வழியாக 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தபோது, ‘டெஸ்ட்’ என்பது பொன், வெள்ளியின் தரம் பார்ப்பவர்கள் பயன்படுத்திய கிண்ணத்தின் பெயர். ஆங்கிலக் கவிஞர் சாசர், ரசவாதிகளின் கருவிகளை அடுக்கிச் சொல்லும் இடத்தில் இந்தக் கிண்ணமும் வருகிறது.

அது எப்படி வேலை செய்தது? எலும்புச் சாம்பலையோ மரச் சாம்பலையோ அழுத்திச் செய்த, நுண்துளைகள் நிறைந்த கிண்ணம் அது. தரம் தெரியாத வெள்ளித் துண்டை ஈயத்தோடு சேர்த்து அதில் இட்டு, காற்றுப்படும்படி கடும் சூட்டில் உருக்குவார்கள். ஈயம் ஆக்சைடாக மாறி, செம்பு போன்ற கலப்பு உலோகங்களையும் இழுத்துக்கொண்டு சாம்பலுக்குள் ஊறிவிடும். முடிவில் வெள்ளி மட்டும் ஒரு சிறு மணியாக மிஞ்சும். அதை நிறுத்துப் பார்த்தால், துண்டில் எவ்வளவு வெள்ளி இருந்தது என்பது தெரிந்துவிடும்.

நாளடைவில் பாத்திரத்தின் பெயர், அதில் செய்யும் சோதிப்புக்கே பெயராயிற்று. நம் இலக்கணம் இதை ஆகுபெயர் என்கிறது. பின்னர் உலோகத்தைச் சோதிக்கும் சொல் மனிதரைச் சோதிக்கவும் பயன்பட்டது. ஷேக்ஸ்பியரின் ‘மெஷர் ஃபார் மெஷர்’ நாடகத்தில், பெரும் பதவி பெறும் ஏஞ்சலோ, தன் உலோகத்தை இன்னும் சோதித்துப் பார்த்த பிறகு தரலாமே என்று கேட்கிறான். உலோகம் என்ற பழைய பொருளும் மனிதப் பண்பு என்ற புதிய பொருளும் அந்த இடத்தில் சேர்ந்தே நிற்கின்றன.

நாம் சொல்லும் ‘சோதனை’யும் ஏறத்தாழ இதே வழியில் வந்ததுதான். வடமொழியில் ‘சோதனம்’ என்பதற்குத் தூய்மை செய்தல் என்பது பொருள். ஆராய்தல் என்ற பொருளும் உண்டு. ‘புடம் போட்ட தங்கம்’ என்று ஒருவரைப் பாராட்டும்போதும் பொற்கொல்லர் பட்டறையைத்தான் நினைக்கிறோம்.

இதே லத்தீன் குடும்பத்தில் ‘டெஸ்டா’ என்று இன்னொரு சொல் உண்டு. அதற்குப் பானை, ஓடு என்று பொருள். பேச்சுவழக்கில் அது தலையைக் குறித்து, இன்று பிரெஞ்சில் தலைக்கு உரிய ‘தெத்’ ஆகிவிட்டது. தமிழிலும் ‘மண்டை’ என்பது இரப்போர் ஏந்தும் கலத்தையும் குறிக்கும், தலையையும் குறிக்கும். ஆனால் ஒலி ஒப்புமையை மட்டும் நம்பிவிடக் கூடாது. ‘புரொடெஸ்ட்’, ‘கான்டெஸ்ட்’, ‘டெஸ்டமென்ட்’ ஆகியவற்றிலும் ‘டெஸ்ட்’ ஒலிக்கிறது. அவையோ சாட்சி என்று பொருள்படும் ‘டெஸ்டிஸ்’ என்ற வேறு சொல்லோடு தொடர்புடையவை. மேல்வகுப்பு மாணவர்களிடம் அகராதியைக் கொடுத்து, எந்தச் சொல் எந்தக் குடும்பம் என்று பிரிக்கச் சொல்லலாம்.

இனி, சொல்லின் இன்னொரு முகம். 1673இல் இங்கிலாந்தில் ‘டெஸ்ட் சட்டம்’ வந்தது. அரசுப் பதவி வகிப்பவர் உறுதிமொழி எடுத்து, இங்கிலாந்துத் திருச்சபையின் முறைப்படி நற்கருணை பெற வேண்டும் என்றது அச்சட்டம். கத்தோலிக்கரைப் பதவியிலிருந்து விலக்குவதே அதன் முதன்மை நோக்கம். 1828இல்தான் அது நீக்கப்பட்டது. உள்ளே என்ன இருக்கிறது என்று அறியப் பிறந்த சொல், யாரை உள்ளே விடக்கூடாது என்பதற்கான வாயிற்கதவாகவும் ஆனது.

1890இல் அமெரிக்க உளவியலாளர் கேட்டல் ‘மனச் சோதனை’ என்ற பொருளில் இந்தச் சொல்லை ஒரு கட்டுரையில் பயன்படுத்தினார். 1905இல் பாரிசில் ஆல்ஃபிரட் பினே, தம் உடனாய்வாளர் சிமோனுடன் குழந்தைகளுக்கான சோதனைத் தொகுப்பை உருவாக்கினார். தனிக் கவனம் தேவைப்படும் பிள்ளைகளைக் கண்டறிந்து உதவுவதே அதன் நோக்கம். அந்த அளவுகோலும் பின்னாளில் அமெரிக்காவில் மனிதரைத் தரம் பிரித்து ஒதுக்கப் பயன்பட்டது.

ஆகவே, நாம் வைக்கும் டெஸ்ட் கிண்ணமா, கதவா? இரண்டாம் வகுப்பில் ஒரு கணக்கு: 52இலிருந்து 27ஐக் கழிக்க வேண்டும். ஒரு பிள்ளை 35 என்று எழுதுகிறது. இன்னொரு பிள்ளை 24. இரண்டும் தவறு, இரண்டுக்கும் மதிப்பெண் சுழியம். ஆனால் முதல் பிள்ளை, எந்த இடமானாலும் பெரிய எண்ணிலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறது. கடன் வாங்கும் முறை அதற்கு விளங்கவில்லை. இரண்டாம் பிள்ளை கடன் வாங்கியிருக்கிறது; 12இலிருந்து 7 போனால் 5 என்பதில்தான் சறுக்கியிருக்கிறது. முதல் பிள்ளைக்குப் பத்துக் கட்டுகளும் குச்சிகளும் வேண்டும். இரண்டாம் பிள்ளைக்குச் சிறிது பயிற்சி போதும். சுழியத்தை மட்டும் பதிவேட்டில் ஏற்றினால், கிண்ணத்தில் மிஞ்சிய வெள்ளி மணியை நிறுக்காமல் வீசுகிறோம் என்று பொருள்.

சொல்லின் பிறப்பு அதன் இன்றைய பயன்பாட்டைக் கட்டுப்படுத்தாது என்பதும் உண்மை. உலோகத்தோடு பிள்ளையை முழுக்க ஒப்பிடவும் முடியாது. வெள்ளித் துண்டில் இன்று எவ்வளவு வெள்ளியோ, அடுத்த மாதமும் அவ்வளவுதான். பிள்ளை அடுத்த மாதம் வேறு பிள்ளை. வளரறி மதிப்பீடு என்ற பெயரிலேயே அந்த வளர்ச்சி இருக்கிறது. இன்றைய டெஸ்ட் தாள் இன்றைய நிலையை மட்டுமே சொல்லும்; நாளை எங்கே தொடங்குவது என்று நமக்குக் காட்டும்.

அடுத்த முறை விடைத்தாள்களைத் திருத்தும்போது, ஒவ்வொரு கேள்விக்கும் வந்த தவறான விடைகளைத் தனியே ஒரு தாளில் குறித்துப் பாருங்கள். அவற்றை வகைப்படுத்தினால், மறுநாள் பாடக்குறிப்பில் எழுத வேண்டியது தானே கிடைக்கும். பிள்ளைகளிடம் தாளைத் திருப்பித் தரும்போது, என்ன தெரிந்திருக்கிறது என்பதை முதலில் சொல்லுங்கள்.