ஒருமுறை செய்து காட்டினால் போதும்



ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதும் அக்கா ஒருவரை எனக்குத் தெரியும். தினமும் காலையில் அவருக்கு வங்கியிலிருந்து ஓர் எக்செல் கோப்பு வரும். மேலே உள்ள ஐந்து வரிகளை நீக்க வேண்டும். வேண்டாத இரண்டு நெடுவரிசைகளை அழிக்க வேண்டும். தேதிகளை ஒரே மாதிரி மாற்றி, கடைசியில் கூட்டல் போட வேண்டும். கால் மணி நேர வேலைதான். ஆனால் ஆறு வருடமாக, ஒரு நாள் விடாமல் செய்துவந்தார். மவுஸைப் பிடித்துப் பிடித்து மணிக்கட்டு வலி வந்துவிட்டது.

இந்த வேலையைத் தானே செய்துகொள்ளும் வசதி அவருடைய கணினியிலேயே இருந்தது. யாரும் அவரிடம் சொல்லவில்லை. அது எனக்குப் பெரிய வருத்தம்.

அதற்குப் பெயர் மேக்ரோ. நாம் செய்வதை ஒருமுறை குறித்துக்கொண்டு, கூப்பிடும்போதெல்லாம் அதே வரிசையில் செய்து முடிக்கும். இது புதிய சங்கதி அல்ல. 1976-இல் எம்ஐடி-யில் பிறந்த ஈமாக்ஸ் என்ற எழுத்துத் திருத்தியின் பெயரிலேயே மேக்ரோ இருக்கிறது.

எக்செலில் 'வியூ' பகுதியில் 'மேக்ரோஸ்' இருக்கும். அதில் 'ரெக்கார்ட் மேக்ரோ' என்பதை அழுத்துங்கள். எங்கே சேமிப்பது என்று கேட்கும். 'பெர்சனல் மேக்ரோ ஒர்க்புக்' என்று சொல்லுங்கள். இதை விட்டுவிட்டால் மேக்ரோ இன்றைய கோப்போடு தங்கிவிடும், நாளைய கோப்புக்குக் கைகொடுக்காது. பிறகு வழக்கமான வேலையைச் செய்துவிட்டுப் பதிவை நிறுத்துங்கள். மறுநாள் ஆல்ட், எஃப்8 இரண்டையும் சேர்த்து அழுத்தினால் மேக்ரோக்களின் பட்டியல் வரும்.

அக்காவும் நானும் பதிந்தது முதல் நாள் அழகாக ஓடியது. இரண்டாம் நாள் கூட்டுத்தொகை தவறாக வந்தது. காரணம் என்ன தெரியுமா? பதிந்த அன்று நாற்பது வரிகள் இருந்தன, கூட்டலை அதற்குக் கீழே போட்டோம். 'கடைசி வரிக்குக் கீழே' என்பது எங்கள் மனதில் இருந்தது. எக்செல் குறித்துக்கொண்டதோ 41-ஆம் வரி என்று. மறுநாள் ஐம்பத்திரண்டு வரிகள் வந்தபோது, நடுவில் இருந்த ஒரு வரவின் மேலேயே போய் எழுதிவிட்டது! கன்ட்ரோல் இசட் போட்டும் திரும்பவில்லை. மேக்ரோ செய்ததை அது மீட்காது. ஆகவே எப்போதும் கோப்பின் நகலில்தான் ஓட்ட வேண்டும். கூட்டலை ஓர் ஓரக் கட்டத்துக்கு மாற்றி, முழு நெடுவரிசையையும் கூட்டச் சொன்னோம். சரியாகிவிட்டது.

எக்செலுக்கு வெளியே, இணையப் படிவங்களை நிரப்ப ஆட்டோஹாட்கீ என்ற இலவச மென்பொருள் 2003 முதல் இருக்கிறது. அதில் மவுஸ் சொடுக்குகளை நம்பாதீர்கள் என்பேன். வழக்கமாக, சன்னலுக்குள் இடமிருந்து இத்தனை புள்ளி, மேலிருந்து இத்தனை புள்ளி என்றுதான் அது சொடுக்கும். சன்னலுக்குள் பக்கம் சற்று நகர்ந்திருந்தாலும் சொடுக்கு வேறொரு பொத்தானில் விழலாம். டேப் விசையால் கட்டம் கட்டமாகத் தாவும்படி அமைத்தால் அந்த ஆபத்து வெகுவாகக் குறையும். கடவுச்சொல்லை மட்டும் எந்த மேக்ரோவிலும் எழுதி வைக்காதீர்கள்.

முன்பின் தெரியாதவர் அனுப்பிய கோப்பில் மேக்ரோ இருந்தால் திறக்க வேண்டாம். 1999-இல் மெலிசா என்ற வைரஸ் வேர்டு மேக்ரோவாகத்தான் உலகெங்கும் பரவியது. இணையத்திலிருந்து வரும் கோப்புகளின் மேக்ரோக்களை மைக்ரோசாஃப்ட் 2022 முதல் தானாகவே தடுத்து வைக்கிறது. நாமே பதிந்தவற்றுக்கு அந்தப் பயம் இல்லை.

அக்கா இப்போது காலையில் வந்ததும் கோப்பை நகலெடுத்து, மேக்ரோவை ஓட்டி, முதல் வரியையும் கடைசி வரியையும் வங்கிக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார். இரண்டு நிமிடம் ஆகிறது. போன வாரம், சரக்குப் பட்டியல் போடும் தம்பிக்கு அவரே உட்கார்ந்து ஒரு மேக்ரோ பதிந்து கொடுத்தார்.