குறைவுக்குக் காரணம் கேட்ட ஆயர்



பொங்கலுக்கு முதல் நாள், 2016 ஜனவரி 14 ஆம் திகதி, மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு ஆண்டகையின் பதவி விலகலைத் திருத்தந்தை பிரான்சிஸ் ஏற்றுக்கொண்டார் என்ற செய்தி வந்தது. 75 வயது நிறைந்த ஆயர் பதவி விலகல் கடிதம் கொடுக்க வேண்டும் என்பது திருச்சபைச் சட்டத்தின் 401 ஆம் பிரிவு. ஆண்டகைக்கு 2015 ஏப்ரலில் 75 நிறைந்துவிட்டது. உடம்பும் முன்போல் இருக்கவில்லை. ஆகவே ஒழுங்குப்படி நடக்க வேண்டியதுதான் நடந்தது. ஆனாலும் என் அயலில் சைவ வீடுகளில்கூட அன்று கோலத்துக்கு மாக்கரைத்தபடி பேசியது இந்தச் செய்தியைத்தான்.

அதற்குச் சரியாக ஒரு வருடத்துக்கு முன்னர் இதே ஜனவரி 14 இல்தான் திருத்தந்தை மன்னார் மறைமாவட்டத்தின் மடு மாதா ஆலயத்துக்கு வந்தார். அவரை வரவேற்று நின்றவர் இந்த ஆயர்.

வாழ்க்கைக் குறிப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நெடுந்தீவில் 1940 இல் பிறந்தார். 1967 இல் குருவானார். உரோமையில் திருச்சபைச் சட்டம் படித்தார். மன்னார் மறைமாவட்டம் 1981 இல் உருவானது. மன்னார், வவுனியா மாவட்டங்கள் அதன் எல்லைக்குள் வரும். அதன் இரண்டாவது ஆயராக 1992 இல் பொறுப்பேற்றார். அந்த எல்லையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய மறைமாவட்டத்தின் ஊடாகவே போர்முனை போனது. ஒரு பங்கு இராணுவக் கட்டுப்பாட்டில், அடுத்த பங்கு புலிகளின் கட்டுப்பாட்டில். இரண்டு பக்கத்துச் சனத்துக்கும் ஆயர் ஒருவரே.

மடுவைப் பற்றி ஒரு மணித்தியாலம் பேசலாம், இன்று நேரமில்லை. 1999 நவம்பர் 20 இரவு மடு ஆலயத்தில் தஞ்சமடைந்திருந்த சனத்தின் மேல் எறிகணை விழுந்து ஏறத்தாழ நாற்பது பேர் மாண்டார்கள். 2008 ஏப்ரலில் சண்டை மடுவை நெருங்கியபோது மாதாவின் திருச்சொரூபத்தையே தேவன்பிட்டிக்குக் கொண்டுபோக நேர்ந்தது. கோவிலில் ஆயுதம் வேண்டாம், அகதிகளை விடுங்கள் என்று இரண்டு தரப்பிடமும் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டிய நிலை ஆண்டகைக்கு. அவருடைய குருவானவர்களில் ஒருவரான அருட்பணி பாக்கியரஞ்சித், 2007 செப்டெம்பரில் இடம்பெயர்ந்த மக்களுக்குப் பொருள் கொண்டுபோன வழியில் கிளைமோர்த் தாக்குதலில் கொல்லப்பட்டார்.

இனி நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். நான் கோவில் காரியங்களில் பழகியவன் அல்ல. வடக்கில் ஒரு பிரதேச செயலகத்தில் இலிகிதராக இருந்தவன். சனத்தொகைப் பட்டியலும் நிவாரணப் பட்டியலும்தான் என் மேசையில் கிடந்தன. அந்த மேசையில் இருந்தவன் என்ற முறையில், ஆண்டகை செய்தவற்றிலேயே பெரிய காரியம் எது என்று என்னைக் கேட்டால், அவர் ஒரு கழித்தல் கணக்குப் போட்டார், அதுதான் என்பேன்.

போர்க்காலத்தில் வன்னியில் சனம் எப்படி எண்ணப்பட்டது என்று இளைய நேயர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். தொடக்கம் கிராம அலுவலரான விதானையாரின் சீ.ஆர். கொப்பி. குடும்பத் தலைவர் பெயர், அடையாள அட்டை இலக்கம், சொந்த ஊர், எங்கே இருந்து இடம்பெயர்ந்தார், வீட்டில் எத்தனை பேர், அதில் ஐந்து வயதுக்கு உட்பட்டவர் எத்தனை பேர். கோடு போட்டு நிரை நிரையாக எழுதியிருப்பார். மழைக்காலத்தில் வரும் கொப்பிகளின் ஓரம் ஊறி, மை நீலமாகப் பரந்திருக்கும். மின்விசிறிக்குக் கீழே விரித்து வைத்துக் காய்ந்த பிறகுதான் கூட்டுவோம். விதானைப் பிரிவுகளின் தொகை பிரதேச செயலகத்துக்கு வரும். எங்கள் தொகை மாவட்டச் செயலகமான கச்சேரிக்குப் போகும். அரிசி, மா, பருப்பு, சீனி எவ்வளவு வேண்டும் என்பது அந்தத் தொகையை வைத்துத்தான் முடிவாகும். தொகையில் ஆயிரம் பேர் குறைந்தால் ஆயிரம் பேருக்கு உலை வைக்க அரிசி இல்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். போன மாதத் தொகையைவிட இந்த மாதத் தொகை குறைந்தால் காரணம் எழுத வேண்டும். செத்தவர் என்றால் மரணச் சான்றிதழ் இலக்கம். கலியாணம் முடித்து வேறு பிரிவுக்குப் போனவர் என்றால் அங்கத்தைய விதானையாரின் கடிதம். காரணம் எழுதாமல் ஆள் குறைந்த பட்டியல் வந்தால், சிவப்பு மையால் சுழித்து விதானையாருக்கே திருப்பி அனுப்புவோம். நான்கு பேர் குறைந்தாலும் அப்படித்தான்.

சரி, 2011 ஜனவரிக்கு வாருங்கள். போருக்குப் பின் அரசாங்கம் அமைத்த கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் மன்னார் மறைமாவட்டத்தின் சார்பில் ஆண்டகை சாட்சியம் அளித்தார். கையில் எழுத்தில் ஒரு சமர்ப்பணம். முல்லைத்தீவு, கிளிநொச்சிக் கச்சேரிகளின் கணக்குப்படி 2008 ஒக்டோபர் முற்பகுதியில் வன்னியில் இருந்த சனம் 4,29,059. ஐக்கிய நாடுகள் சபையின் மனிதாபிமான ஒருங்கிணைப்பு அலுவலகத்தின் கணக்குப்படி 2009 ஜூலை 10 வரை அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்தவர்கள் 2,82,380. மிச்சம் 1,46,679 பேர். இவர்களுக்கு என்ன நடந்தது? அவ்வளவுதான் கேள்வி.

நேயர்களே, இதில் ஓர் எண்கூட அவர் சொந்தமாகப் போட்டதல்ல. முதல் எண் அரசாங்கத்தின் கந்தோரில் அரசாங்க ஊழியர் எழுதியது. இரண்டாவது ஐ.நா. எழுதியது. இத்தனை பேரும் கொல்லப்பட்டார்கள் என்றும் அவர் சொல்லவில்லை. குறைவுக்குக் காரணம் எழுதுங்கள் என்று கேட்டார். நாங்கள் விதானையாரிடம் மாதாமாதம் கேட்டதை அவர் நாட்டிடம் கேட்டார். இரகசியப் பொலிசார் தேடி வருவார்கள், புலி ஆதரவாளர் என்று பெயர் வரும் என்பதெல்லாம் தெரியாதவரா? தெரிந்துதான் பெயரும் பதவியும் இட்டுக் கேட்டார். அந்த நாளில் கணக்குத் தெரிந்தவர்கள் வடக்கில் நிறையப் பேர் இருந்தோம்.

கச்சேரிக் கணக்கு நம்பத்தகுந்ததல்ல, நிவாரணத்துக்காகக் கூட்டி எழுதியிருப்பார்கள் என்று சொல்பவர்கள் உண்டு. சில இடங்களில் போனவர் பெயர் வெட்டப்படாமல் இருந்திருக்கலாம். இல்லை என்று நான் சாதிக்கமாட்டேன். ஆனால் 2009 தொடக்கத்தில் அரசாங்கம் சொன்னது என்ன? வன்னியில் இருப்பது ஒரு லட்சத்துக்கும் குறைவான சனம் என்று. கடைசியில் வெளியே வந்தது இரண்டே முக்கால் லட்சத்துக்கும் மேல். எந்தக் கணக்கு உண்மைக்குக் கிட்ட நின்றது என்பதை நீங்களே தீர்மானியுங்கள். ஐ.நா.வின் உள்ளக ஆய்வு அறிக்கையே 2012 இல், 70,000 க்கும் மேற்பட்டோருக்குக் கணக்கில்லை என்பதற்கு நம்பகமான தகவல் உண்டு என்று எழுதியது. எண் தப்பென்றால் விதானைப் பிரிவு பிரிவாகப் போய்ச் சரிபார்க்கலாம். பெயர் இருக்கிறது, ஊர் இருக்கிறது, அடையாள அட்டை இலக்கம் இருக்கிறது.

போர் முடிந்த பிறகு ஒரு தாய் எங்கள் கந்தோருக்கு வந்தார். புதுக் குடும்ப அட்டை பதிய வேண்டும். காணாமற்போனவர்களுக்கு மரணச் சான்றிதழ் எடுக்க 2010 இல் ஒரு தற்காலிகச் சட்டம் வந்திருந்தது. ஒரு வருடத்துக்கு மேல் தகவல் இல்லையென்றால் எடுக்கலாம், எடுத்தால் உதவிப் பணத்துக்கும் விண்ணப்பிக்கலாம். அதை அவருக்கு விளக்கினேன். அம்மா சீலைத் தலைப்பில் முடிந்திருந்த பழைய அட்டையை அவிழ்த்து மேசையில் வைத்தார். நாலாவது நிரையில் மகனின் பெயர். “தம்பி, இந்தப் பேரை வெட்டாமல் பதிய ஏலாதோ?” என்று கேட்டார். காசைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை. அந்த நிரையைப் புது அட்டையில் அப்படியே எழுதிக் கொடுத்தேன்.

ஆண்டகையின் அந்த எண்ணைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த நாலாவது நிரை நினைவுக்கு வரும். பங்குப் பதிவேட்டில் திருமுழுக்கு, திருமணம், மரணம் மூன்றையும் கவனமாகப் பதிய வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். அதைப் படித்து உயர்ந்தவர் அவர். ஒரு பெயரை எழுதினால் அதற்குப் பொறுப்புச் சொல்ல வேண்டும் என்பது அவருக்குப் படிப்பால் வந்ததோ, மந்தையின் மேலுள்ள பாசத்தால் வந்ததோ, நான் அறியேன். அந்தப் பொறுப்பைச் சைவர், கிறிஸ்தவர் என்று பாராமல் முழுச் சனத்துக்கும் அவர் சுமந்தார் என்பதை மட்டும் அறிவேன்.

நேரம் முடிகிறது.  ஆண்டகை கேட்ட கேள்விக்கு அவர் காதாலேயே பதில் கேட்கும் நாள் வரவேண்டும் என்பது என் ஆசையாக இருந்தது. பதில் கேட்காமலே 2021 இல் அவர் காலமானார்.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். வீட்டில் பழைய கூப்பன் அட்டை, விதானையார் தந்த கடிதம், செஞ்சிலுவைச் சங்கத் துண்டு, முகாமில் பதிந்த சீட்டு, எது இருந்தாலும் பழசென்று எறிந்துவிடாதீர்கள். கறையான் பிடிக்காத இடத்தில் வையுங்கள். முடிந்தால் பிரதி எடுத்து, ஒன்றை வேறு வீட்டில் கொடுத்து வையுங்கள். கணக்குப் பார்க்க ஒருவர் வரும்போது அவை தேவைப்படும்.