வடக்கன்குளத்துச் சுவர்



கழக்கூட்டத்தில் நின்று பேசுகிறேன். இந்த ஊரிலிருந்தே தொடங்குகிறேன். திருவிதாங்கூரின் எட்டுவீட்டுப் பிள்ளைமாரில் ஒரு வீடு கழக்கூட்டத்துப் பிள்ளை வீடு. அவர்கள் ராஜா மார்த்தாண்ட வர்மாவை எதிர்த்தார்கள். ராஜா ஆளைக் கொன்றார், வீட்டை இடித்துக் குளம் தோண்டினார் என்று இந்தச் சீமையில் இன்றும் சொல்வார்கள். அந்த ராஜாவிடம்தான் நட்டாலம் நீலகண்ட பிள்ளை உத்தியோகம் பார்த்தார். எதிர்த்தவனுக்கு என்ன கதி என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

1741இல் குளச்சலில் டச்சுப் படை தோற்றது. பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய் ராஜாவின் படைக்கே பயிற்சி கொடுக்க வந்து சேர்ந்தார். அவரிடம்தான் நீலகண்டன் கிறிஸ்துவைப் பற்றிக் கேட்டறிந்தார். 1745இல் திருவிதாங்கூர் எல்லைக்கு அப்பால், வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார்.

அதோடு வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால், உத்தியோகம் மட்டும் போயிருக்கும், உயிர் தங்கியிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. அவர் அப்படி இருக்கவில்லை. எல்லாச் சாதியாரும் சமம் என்று சொன்னார். சொன்னதோடு நில்லாமல், ஒதுக்கப்பட்டவர்களோடு பழகினார். 1749இல் பிடித்து அடைத்தார்கள். எருக்கம்பூ மாலை போட்டு, எருமையின் மேல் பின்பக்கம் பார்க்க உட்காரவைத்து, ஊர் ஊராக இழுத்துப் போனார்கள் என்று கன்னியாகுமரி மாவட்டத்தில் பாட்டிகள் சொல்வார்கள். 1752 ஜனவரி 14, ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். உடல் கோட்டாறு சவேரியார் கோவிலில் அடங்கியது.

ஒன்று சொல்லிவிடுகிறேன். மதத்துக்காக அவரைக் கொல்லவில்லை, ராஜதுரோகம்தான் குற்றச்சாட்டு என்று வாதிடும் சரித்திர ஆசிரியர்களும் உண்டு. அதை மறைத்துவிட்டு உண்மையைப் பற்றிப் பேச எனக்கு யோக்கியதை கிடையாது. என் கட்சி இதுதான்: சாதிக்கு எதிராகப் பேசுவதே அந்தக் காலத்து அரசுக்குத் துரோகமாகத்தானே தெரிந்திருக்கும்?

இனித்தான் நான் பேச வந்த விஷயம். அரசனை எதிர்த்தவரைக் கொண்டாடுவது நமக்குச் சுலபம், அரசன் போய்விட்டான். சொந்தச் சபையை எதிர்த்துப் பேசுவது அவ்வளவு சுலபமா?

அவர் தண்ணீர் பெற்ற அதே வடக்கன்குளத்தைப் பாருங்கள். அவருக்கு நூறு வருஷத்துக்கும் மேல் கழித்து அங்கே கட்டிய கோவில் கால்சட்டை போல இரண்டாகப் பிரிந்தது. வெள்ளாளருக்கு ஒரு கிளை, நாடாருக்கு ஒரு கிளை, நடுவே தடுப்பு. இரண்டு பக்கமும் ஒரே பீடத்தைப் பார்த்துத்தான் முழங்காலிட்டார்கள்! 1910இல் பாதிரியார் அந்தச் சுவரை இடித்தார். அதை எதிர்த்து யார் நீதிமன்றம் போனது தெரியுமா? ராஜாவின் ஆட்கள் அல்ல. பூசைக்கு வருகிறவர்கள். சென்னை உயர் நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொல்லவில்லை. அன்றைக்கு அந்தப் பாதிரியாருக்குத் தேவைப்பட்ட துணிச்சல் வேறு ரகம். எதிரே நின்றவர்களிடம்தான் அவர் நாளைக்கும் பாவசங்கீர்த்தனம் கேட்கவேண்டும்.

தேவசகாயத்துக்குப் புனிதர் பட்டம் நெருங்கியபோது, அவர் பெயரோடு ‘பிள்ளை’ ஒட்டிக்கொண்டே இருந்தது. ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி எம்.ஜி. தேவசகாயம் வத்திக்கானுக்கு எழுதினார்: இது அவர் உதறிய சாதி, எடுத்துவிடுங்கள் என்று. 2020இல் எடுத்தார்கள். 2022 மே 15இல் ரோமில் திருத்தந்தை பிரான்சிஸ் வாசித்த பெயரில் ‘பிள்ளை’ இல்லை. இந்தியாவின் முதல் பொதுநிலைப் புனிதர், வெறும் தேவசகாயம்.

சாதி ஒரு பெயரைவிட்டுப் போக ஏறக்குறைய இருநூற்று எழுபது வருஷம்! திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் செத்தவர்களுக்கு நடுவேயும் சாதிச் சுவர் வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் மணமகள் தேவை பகுதியைப் பிரித்துப் பாருங்கள். ‘ஆர்.சி.’ என்று போட்டு, பக்கத்திலேயே சாதி. ‘சி.எஸ்.ஐ.’, பக்கத்திலேயே சாதி. விளம்பரம் கொடுத்தவர்களில் எத்தனை பேர் வீட்டில் தேவசகாயம் படம் மாட்டியிருக்கிறது?

முகம் சுளிக்கிறீர்கள், தெரிகிறது. நேரம் இருக்கிறது. கோபப்பட்டவர் யாராவது மேடைக்கு வந்து மறுத்துப் பேசுங்கள், நான் கீழே உட்கார்ந்து கேட்கிறேன்.